குரொம்வெல்லும் என் பொன்னாடையும்

எனக்குப் பொறாமை இல்லை என்று நான் எவரிடமும் சொன்னதில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

ஒக்லாந்துத் தமிழர் பண்பாட்டு மன்றத்தில் பத்தொன்பது வருடங்களாக நான் கதிரைப் பொறுப்பாளர். மவுண்ட் ரோஸ்கில் மண்டபத்தில் விழா என்றால் இருநூற்று நாற்பது கதிரைகளை விரிப்பவனும் நான், மடித்து அடுக்குபவனும் நான். நடுவில் நடப்பதெல்லாம் மற்றவர்களுடைய வேலை. ஐந்து திரி கொண்ட குத்துவிளக்கைப் பதினொரு பேர் ஏற்றுவார்கள். ஆறாவது ஆளிலிருந்து, எரிகிற திரியிலேயே மறுபடி மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு படத்துக்குச் சிரிப்பார்கள். பிறகு வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, சிறப்புரை. ஒவ்வொருவரும் நேரத்தின் அருமை கருதிச் சுருக்கமாகப் பேசுவதாகத் தொடங்கி முக்கால் மணித்தியாலம் பேசுவார்கள். பேசி முடித்த ஒவ்வொருவருக்கும் ஒரு பொன்னாடை.

அந்த மேடையில் யார் யாருக்கெல்லாம் பொன்னாடை விழுந்தது என்பது எனக்கு மனப்பாடம். வீடு விற்கிற ஏஜென்ட் ஒருவருக்கு மூன்று தரம். நகரசபைத் தேர்தலில் நின்றவர் ஒருவருக்கு இரண்டு தரம், தோற்க முதல் ஒன்று, தோற்ற பிறகு ஒன்று. ஒருமுறை மைக் திருத்த வந்த மனிதர் வயரோடு மேடையில் நின்றபடியால் அவருக்கும் போர்த்தினார்கள். அவர் நன்றி சொல்லிவிட்டு, அதைப் போர்த்தபடியே மிச்ச வயரையும் திருத்தினார். நான் கீழே நின்று கைதட்டினேன். எனக்கு வயிறு எரிந்தது.

கடைசியில் என் மனைவி வசந்தமலர் தலைவரின் மனைவியைக் கோயிலில் பிடித்து இரண்டு வார்த்தை சொன்னாள். அதன் பலனாக அந்த வருடப் பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் ஏழாம் இலக்கத்தில் இப்படி ஒரு வரி வந்தது: 'கதிரைப் பொறுப்பாளர் திரு. யசீகரனுக்கு எதிர்வரும் பொங்கல் விழாவில் பொன்னாடை போர்த்துதல்.' அந்தத் தாளை ஃபிரிஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். பால் எடுக்கும்போதெல்லாம் வாசித்தேன். அந்த மாதம் எங்கள் வீட்டில் பால் கொஞ்சம் கூடுதலாகவே முடிந்தது.

இனி செல்வரத்தினம். அவனை மன்றத்துக்குள் கூட்டிவந்த பாவி நான்தான்.

ஈஸ்ட் டாமாக்கியில் தரை ஓடு விற்கிற ஒரு கம்பனியின் வெயர்ஹவுஸில் நான் ஷிஃப்ட் பொறுப்பாளர். செல்வரத்தினம் ஊரில் வரலாற்று வாத்தியாராக இருந்து, ஐம்பது வயதில் இங்கே வந்து சேர்ந்தவன். இடது புருவத்துக்கு மேல் மிளகளவு மரு. அவனுக்கு ஃபோர்க்லிஃப்ட் பழக்கியது நான். ஆறு மாதத்தில் என்னைவிட நன்றாக ஓட்டினான். எட்டாம் மாதம் எங்கள் மனேஜர் 'செல்வரத்தினம்' என்று முழுப் பெயரையும் பிழையில்லாமல் உச்சரித்தார். என்னை இன்றைக்கும் யாஸ் என்கிறார்.

அப்போது என் மகள் பிரணவி பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். வரலாற்றுப் பாடத்துக்கு ஒலிவர் குரொம்வெல்லின் வாழ்வைப் பற்றிக் கட்டுரை எழுதவேண்டும். பிள்ளைக்கு உதவி செய் என்று நானே செல்வரத்தினத்தைக் கேட்டேன். நாலு சனிக்கிழமை வந்தான். தேநீர், ரோல்ஸ், குரொம்வெல். முதல் சனி வாத்தியாராக வந்தவன் நாலாம் சனி பக்தனாகப் போனான்.

"பிள்ளை, நாப்பது வயசு மட்டும் ஆரெண்டே தெரியாத மனுசன்," என்பான். "காணி பூமியோட இருந்தவன். பேந்து எழும்பினான் பார். செபம் சொல்லிப்போட்டுச் சண்டைக்குப் போற குதிரைப்படை. குடியில்லை, தூசணமில்லை. ராசாவின்ர தலையை எடுத்தவங்கள். பாராளுமன்றத்தைக் கலைச்சு விட்டவன். கிரீடத்தைக் கொண்டுவந்து நீட்ட, வேண்டாம் எண்டவன். அதுதான் கெட்டித்தனம்."

"ஆனால் அங்கிள், கிரீடம் வேண்டாம் என்றுவிட்டு ராஜாவின் நாற்காலியில்தானே பதவியேற்றார்?" என்று பிரணவி ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் எப்போதும் ஆங்கிலத்தில்தான் கேட்பாள்.

"அது வேற," என்றான் செல்வரத்தினம்.

கட்டுரையில் அயர்லாந்தைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. இரண்டு ஊர்களின் பெயர். மதில் விழுந்த பிறகும் குரொம்வெல்லின் படை வெட்டியது, ஆயுதத்தைக் கீழே போட்டவர்களையும் வெட்டியது, தேவாலயத்துக்குள் ஒளித்தவர்களை நெருப்பு வைத்து எரித்தது. செல்வரத்தினம் அதைப் பார்த்துவிட்டு, "உதை விடு பிள்ளை, கட்டுரை நீளமாப் போகுது," என்றான். அவள் விடவில்லை. அவன் போன பிறகு அந்தப் பக்கத்தை நான் வாசித்தேன். பிறகு எழும்பிப் போய் ரோல்ஸ் தட்டைக் கழுவினேன், அது ஏற்கெனவே கழுவின தட்டு.

பொதுக்கூட்டம் ஆகஸ்ட் மாதம். தலைவர் இராசரத்தினம் அண்ணை பதினாலு வருடமாகத் தலைவர். ஒவ்வொரு வருடமும், "இந்தப் பதவி எனக்கொரு சுமை, இளையவை ஆராவது வாங்கிக்கொள்ளுங்கோ," என்று கண் கலங்குவார். யாராவது கையைத் தூக்கினால் அவருடைய மனைவி திரும்பிப் பார்ப்பாள். கை இறங்கிவிடும். மேசையில் வெள்ளிப்பூச்சுப் பூசிய ஒரு மணி இருக்கும். அதை அவர் அடித்தால் பேச்சு நிற்கவேண்டும், அவருடைய பேச்சைத் தவிர.

அன்றைக்கு ஆறாம் இலக்கத்திலேயே இரண்டு மணித்தியாலம் போயிற்று. பொங்கல் விழாவில் பிரியாணியா புளிச்சாதமா என்பது விடயம். அதை ஆராய ஒரு உபகுழு, உபகுழுவின் அறிக்கையை ஆராய இன்னொரு உபகுழு. நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஏழாம் இலக்கத்துக்காகக் காத்திருந்தேன். இராசரத்தினம் அண்ணை மணியைக் கையில் எடுத்தார். ஆறு முடியப் போகிறது. அப்போதுதான் செல்வரத்தினம் எழும்பினான்.

அவன் பின்னால் மன்றத்தின் வொலிபோல் அணி பன்னிரண்டு பேரும் எழும்பினார்கள். அவன்தான் அவர்களுக்குப் பயிற்றுநர். ஆட்டத்துக்கு முன் தேவாரம் பாடுகிற, பியர் குடிக்காத, தோற்றாலும் தூசணம் பேசாத அணி. இதையெல்லாம் கட்டுரையின் இரண்டாம் பக்கத்திலேயே நான் கவனித்திருக்கவேண்டும்.

"காணும்," என்றான் செல்வரத்தினம். "பதினாலு வருசம் இருந்தது காணும். எழும்புங்கோ."

செயலாளர் நல்லசாமி கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை, மன்றத்தின் யாப்பை, அதாவது சட்டவிதிகளை, லேப்டாப்பில் வைத்திருப்பவர். "சார், பதினாலு நாளைக்கு முன்னாடி எழுத்து மூலமா நோட்டீஸ் குடுக்கணும், ஆமா," என்றார்.

செல்வரத்தினம் அவரைப் பார்க்கவே இல்லை. மேசை மணியைக் காட்டி, "உந்தச் சாமானை இஞ்சயிருந்து கொண்டுபோங்கோ," என்றான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மண்டபத்துச் சாமான்களுக்கு நான்தானே பொறுப்பு. மணியை எடுத்துக்கொண்டுபோய்ச் சாமான் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். அதற்குள் நிர்வாகசபை கலைந்துவிட்டது.

"ஏழாம் இலக்கம் ஒண்டு இருக்கெல்லோ," என்றேன்.

"மச்சான், மன்றமே இல்லை. ஏழாம் இலக்கம் எங்கால?" என்றான் செல்வரத்தினம், மிகவும் அன்பாக.

காரில் வரும்போது பிரணவி சொன்னாள்: "அப்பா, இது என் கட்டுரையின் மூன்றாம் பந்தி." அந்தக் கட்டுரைக்கு அவளுக்கு மெரிட்தான் கிடைத்தது. இன்னும் ஒரு படி மேலே எக்ஸலன்ஸ் இருக்கிறது. முடிவுரை போதாதாம்.

செல்வரத்தினத்தைத் தலைவராகும்படி கேட்டார்கள். மறுத்தான். மறுப்புரை நாற்பது நிமிடம். அடுத்த மாதம் மறுபடி கேட்டார்கள். ஐம்பது நிமிடம். மூன்றாம் தரம் மறுத்தபோது பெண்கள் பகுதியில் அழுகைச் சத்தம் கேட்டது. கடைசியில், பதவி ஆசை இல்லாத காரணத்தால், 'காப்பாளர்' என்ற பட்டத்தை மட்டும் ஏற்றுக்கொண்டு தலைவரின் கதிரையில் இருந்தான். கை வைத்த கதிரைதான் வேண்டுமென்று அவன் கேட்க, தூக்கிக்கொண்டு வந்ததும் நான்தான்.

பதவியை மறுத்ததற்காக அவனுக்குப் பொன்னாடை கொண்டுவந்தார்கள். அதையும் மறுத்தான். மண்டபமே எழும்பி நின்று கைதட்டியது. மூன்று கூட்டத்தில் மூன்று பொன்னாடை, மூன்று மறுப்பு. நல்லசாமி மூன்றையும் அறிக்கைப் புத்தகத்தில் எழுதினார். என் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்று எழுத அதில் இடமில்லை. மறுப்பதற்கும் ஒருவர் நீட்டவேண்டும். எனக்கு ஒருவரும் எதையும் நீட்டாதபடியால் என் அடக்கம் வெளியே தெரியாமலே போயிற்று.

நாலாம் கூட்டத்தில் பொன்னாடை என்ற வழக்கத்தையே தடைசெய்தான். கூடவே சினிமாப் பாட்டு நடனம், பிரியாணி, மூன்று நிமிடத்துக்கு மேற்பட்ட பேச்சு. காப்பாளரின் பேச்சு பேச்சல்ல, வழிகாட்டல் என்பதால் அது அந்தக் கணக்கில் வராது. மண்டபச் சுவரில் மாட்டுவதற்கு அவனைப் படம் எடுக்க வந்தவர் மருவை மறைக்க நெற்றியில் விபூதியைக் கொஞ்சம் கூட்டிப் பூசலாம் என்றார். "மருவோட எடு," என்றான். அந்தப் படத்தின் எளிமையைப் பற்றி மட்டும் இருபது நிமிட வழிகாட்டல் நடந்தது.

பொங்கலுக்கு வந்த அறிவித்தலில், பொங்கல் மகிழ்ச்சிக்குரிய நாள் அல்ல, நன்றிக்குரிய நாள் என்றிருந்தது. ஆகவே சர்க்கரை பாதி, முந்திரிகை இல்லை. விளக்கை ஒருவர்தான் ஏற்றினார், அது யாரென்று சொல்லத் தேவையில்லை. வொலிபோல் அணியைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒழுக்கப் பொறுப்பாளர்களாக நியமித்தான். ரானுயிப் பகுதிக்குப் பொறுப்பு திலக்சன். கிழமை நாட்களில் ஆஸ்பத்திரி நேர்ஸ், சனிக்கிழமைகளில் பண்பாடு. ரானுயியில் ஒரு வீட்டுக் கராஜில் பிறந்தநாள் விழாவில் சினிமாப் பாட்டுப் போகிறதென்று கேள்விப்பட்டுப் போனான். ஒரு மணித்தியாலம் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று ஆராய்ந்தான். அவன் அனுப்பிய அறிக்கையில் பாட்டைப் பற்றி ஒரு வரியும் கேக்கைப் பற்றி ஏழு வரியும் இருந்தன.

எல்லோரும் செல்வரத்தினத்தைத் திட்டினார்கள். ஆனால் அவனைத்தான் திட்டினார்கள். பத்தொன்பது வருடத்தில் என்னை ஒருவர் திட்டியதுகூட இல்லை. இதை வசந்தமலரிடம் சொன்னேன். "உங்களுக்கு விசர்," என்றாள். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நான் திட்டுறனான்தானே," என்றாள்.

அடுத்த செப்டெம்பரில் செல்வரத்தினம் போய்விட்டான். சாகவில்லை, பிரிஸ்பேனுக்குப் போனான். ஒக்லாந்தில் இருப்பவர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நல்ல சம்பளம், நல்ல வெயில், திரும்பி வருவதில்லை. மகள் அங்கே வீடு வாங்கிவிட்டாள், பேரப்பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். காப்பாளர் பதவியை மகன் மதன்குமாரிடம் கொடுத்துவிட்டுப் போனான். மதன்குமார் பதினொரு நாள் காப்பாளராக இருந்தான். பன்னிரண்டாம் நாள் கிரிக்கெட் மட்ச் என்று சொல்லி மண்டபத்தைப் பூட்டுகிற திறப்பை என்னிடம் தந்துவிட்டுப் போனான்.

இராசரத்தினம் அண்ணை திரும்பி வந்தார். பிரியாணி திரும்பி வந்தது. சாமான் அறையிலிருந்து மணியை நான் துடைத்துக் கொண்டுவந்து வைத்தேன். முதல் கூட்டத்தில் அவர் பேசினார்.

"பழிவாங்கிறது எங்கட பண்பாடு இல்லை," என்றார். "ஆனபடியால் இதை நாங்கள் ஒரு விழாவாச் செய்வம்."

அவருக்கு எங்கிருந்தோ செய்தி போயிருந்தது. அந்த வாரம் பழக்கூடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

"தங்கச்சி எழுதின கட்டுரை ஒண்டு இருக்காமே. அந்தாள் அதைப் பாத்துத்தானாம் எல்லாம் செய்தது. அந்தக் கதையில கடைசியில என்ன நடந்தது?"

பிரணவி எடுத்துக் கொடுத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பக்கம் பக்கமாகப் பிரட்டினார். அயர்லாந்துப் பக்கம் வந்தபோது அடுத்த பக்கத்தோடு சேர்த்துப் பிரட்டிவிட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஆட்சிக்கும் அந்த ஒரு பக்கம் தேவைப்படவில்லை. கடைசிப் பக்கத்தில் அவருடைய விரல் நின்றது. செத்து இரண்டு வருடத்துக்கு மேலான பிறகு புதைகுழியைத் தோண்டி, உடலை எடுத்துத் தூக்கில் போட்டு, தலையைக் கம்பத்தில் குத்தி வைத்தார்கள். அது நடந்தது ஜனவரி முப்பதாம் தேதி.

"நல்ல நாள். சனிக்கிழமையாவும் வருது," என்றார் இராசரத்தினம் அண்ணை.

"அதே பாராளுமன்றத்துக்கு வெளியில் இப்போது அவருக்குச் சிலை இருக்கிறது, அடுத்த பந்தியைப் பாருங்கள்," என்றாள் பிரணவி.

"அந்தப் பந்தி எங்களுக்கு வேண்டாம் பிள்ளை."

செல்வரத்தினத்தின் கௌரவத்தைப் பறிப்பதென்று தீர்மானம் வந்தது. நல்லசாமி லேப்டாப்பைத் திறந்தார். "பதினாலாவது பிரிவுல 'வழங்கப்பட்ட கௌரவத்தை மீளப்பெறலாம்'னு இருக்கு. இவருக்கு நாம எதுவும் வழங்கலையே சார். மூணு தடவையும் வேண்டாம்னுட்டார். புத்தகத்துல இருக்கு, ஆமா."

இராசரத்தினம் அண்ணை மணியை ஒருதரம் அடித்தார்.

"அப்ப முதல்ல வழங்குவம்," என்றார். "வழங்கிப்போட்டு எடுப்பம்."

"அவர் பிரிஸ்பேன்ல இருக்காரே."

"ஆளுக்குப் பதில் ஆள் நிண்டால் காணும். அந்தாளின்ர உயரத்துக்கு ஆர் இருக்கினம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்போது பின் வரிசையில் கதிரை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, என்ர ஏழாம் இலக்கம்..." என்றேன்.

"எனக்கு ஞாபகம் இருக்குத் தம்பி. ஒரே பொன்னாடையில ரண்டும் முடியும்."

வீட்டில் வசந்தமலர் கேட்டாள்: "போட்டுப்போட்டுக் கழட்டுறதோ? அதுவும் அவனுக்காக? உங்களுக்கு வெக்கமில்லையோ?"

"இருக்கு," என்றேன். "எண்டாலும் போடுவினம் எல்லோ."

அவள் என் நல்ல சட்டையை எடுத்து அயன் பண்ணினாள்.

ஜனவரி முப்பது சரியான வெயில். இருநூற்று நாற்பது கதிரையும் நிறைந்துவிட்டது. பதினொரு பேர் விளக்கேற்றினார்கள். என்னை மேடைக்குப் பின்னால் நிறுத்தி, ஆள் தெளிவாகத் தெரியவேண்டுமென்று இடது புருவத்துக்கு மேல் மையால் ஒரு மரு வைத்தார்கள். பெயர் கூப்பிட்டார்கள், என் பெயரை அல்ல. நான் போனேன்.

இராசரத்தினம் அண்ணை போர்த்தினார். பச்சைக் கரை வைத்த, அரக்கு நிறப் பொன்னாடை. ஜரிகை கழுத்தில் கீறியது. பத்தொன்பது வருடம் கீழே நின்று பார்த்தபோது அது கீறுமென்று எனக்குத் தெரியவில்லை. யாரும் கைதட்டவில்லை, தட்டக்கூடாதென்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது.

பிறகு கழற்றினார். மண்டபம் அதிரக் கைதட்டல். ஆனால் படம் பிடிக்கிறவர் கையைத் தூக்கினார், கழற்றினது படத்தில் சரியாக விழவில்லையாம். மறுபடி போர்த்தினார்கள், மறுபடி கழற்றினார்கள். மூன்றாம் தரமும் நடந்தது. மூன்றாம் தரம் நான் தோளை இறுக்கிப் பிடித்தேன். இராசரத்தினம் அண்ணை காதுக்குள், "விடு தம்பி, உது அடுத்த சிறப்புரைக்கு வேணும்," என்றார். விட்டேன். அவர் அதை மடித்து உறைக்குள் வைத்தார். நான் கீழே இறங்கி, விழா முடிந்ததும் கதிரை மடித்தேன்.

ஒரு படத்தைப் பிரணவி தன் ஃபோனில் எடுத்திருந்தாள். நான் பொன்னாடையோடு நிற்கிறேன், தோளில் இராசரத்தினம் அண்ணையின் கை. மருவை அவளே ஃபோனில் அழித்துவிட்டாள். வசந்தமலர் அதை முகநூலில் போட்டாள், நான் அச்செடுத்து வைத்தேன்.

அடுத்த நாள் பிரிஸ்பேனிலிருந்து செல்வரத்தினம் ஃபோன் எடுத்தான். கௌரவம் பறிக்கப்படுகிறதென்று மன்றத்தின் பதிவுத் தபால் அவனுக்கு முன்கூட்டியே போயிருந்தது. ஏசப்போகிறான் என்று நினைத்தேன். நெடுநேரம் வெயிலைப் பற்றியும் பேரப்பிள்ளையைப் பற்றியும் பேசினான்.

"அங்க சங்கம் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டேன்.

"மூண்டு இருக்கு மச்சான். ஒண்டில சேந்திருக்கிறன்." பிறகு மெல்லச் சொன்னான்: "கதிரை அடுக்குறன்."

நான் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"உன்ர படம் பாத்தன்," என்றான். "அது எனக்கெண்டு போட்டது. நான் மூண்டு தரம் வேண்டாம் எண்டனான். நாலாம் தரமும் கேப்பாங்கள் எண்டு நினைச்சன்."

"ம்."

"பாரமே?"

"கழுத்தில கொஞ்சம் கீறும்."

மறுமுனையில் பெருமூச்சு. அந்தப் பெருமூச்சு எனக்கு நன்றாகத் தெரியும். பத்தொன்பது வருடம் நான் விட்டது.

"மச்சான், ஒண்டு கேக்கிறன். அந்தப் படம் போடேக்க எடுத்ததோ, கழட்டேக்க எடுத்ததோ?"

படம் ஃபிரிஜ் கதவில், ஏழாம் இலக்கத் தாளின் மேல், அதே காந்தத்தில் ஒட்டியிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். தோளில் கை இருக்கிறது. போடுகிற கையா, எடுக்கிற கையா என்று எனக்கே தெரியவில்லை.

"போடேக்க," என்றேன்.